பைகேட்ச் என்பதற்குத் தமிழ்: பிடிப்பா, பாடா?

வணக்கம் நண்பர்களே,

குறிவைத்த மீனோடு சேர்ந்து வலைக்குள் வந்துவிடும் மற்ற மீனையும் உயிரையும் ஆங்கிலத்தில் 'பைகேட்ச்' என்கிறார்கள். அதற்குத் தமிழ் என்ன என்று இந்தக் குழுவில் கேட்டேன்; மூன்றே நாளில் ஆறு பரிந்துரைகள் தந்துவிட்டீர்கள். உடன்பிடிப்பு, துணைப்பிடிப்பு, பக்கப்பிடிப்பு, இடைப்பிடிப்பு, தற்செயல் பிடிப்பு, கழிமீன். எல்லாருக்கும் நன்றி. மீனவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும்போதுதான் இந்த 'பைகேட்ச்'சில் வந்து முட்டி நின்றேன். ஆறு சொற்களையும் வாக்கியத்தில் வைத்து எழுதிப் பார்த்தேன். போன வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் வாசித்தும் காட்டினேன். பாக் விரிகுடாக் கரையில் நாற்பது வருடம் வள்ளம் ஓட்டியவர். 'துணைப்பிடிப்பு' என்றதும் "யாருக்குத் துணை?" என்று கேட்டார். அதற்கு மேல் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அன்று மாலை முழுக்க அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் ஒன்று பிடிபட்டது. நம் ஆறு சொற்களில் ஐந்து 'பிடிப்பு' என்று முடிகின்றன. கரையில் அந்தச் சொல்லே இல்லை. வள்ளம் கரையேறியதும் கேட்கிற கேள்வி, "இன்னைக்குப் பாடு எப்படி?" என்பதுதான். மீன்பாடு நல்லா இருக்கு, பாடு இல்லை, நெத்திலி பட்டிருக்கு, வலையில ஒண்ணும் படல. செய்தித்தாள்களும் 'மீன்பாடு குறைந்தது' என்றே எழுதுகின்றன. ஆக, 'கேட்ச்' என்பதற்குத் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. அது பாடு. நாம் பள்ளிக்கூடப் பழக்கத்தில் 'பிடி'யிலிருந்து தொடங்கிவிட்டோம்.

இது வட்டார வழக்கின் மேல் உள்ள பாசத்தால் சொல்வதில்லை. பிடித்தல் ஆள் செய்கிற வினை. படுதல் அப்படியில்லை. வலை விரிப்பதோடு ஆளின் வேலை முடிகிறது. படுவதும் படாததும் கடலின் பக்கம். நாம் தேடுகிற சொல்லோ, யாரும் குறிவைக்காமல் வலைக்குள் வந்தவற்றுக்கான சொல். குறிவைக்காத ஒன்றைப் பிடித்ததாக எப்படிச் சொல்வது? 'ஆமையைப் பிடித்தார்' என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. 'வலையில் ஆமை பட்டது' என்றால் நடந்ததைச் சொல்வது. இந்தக் கையேட்டைக் கையில் வாங்கும் மீனவர் முதல் பக்கத்திலேயே தன்னைக் குற்றவாளியாகப் பார்த்தால் இரண்டாம் பக்கத்தைப் புரட்ட மாட்டார்.

இன்னொன்று. நாட்டுப்படகுக்காரரின் வலைகளுக்கு என்ன பெயர் என்று யோசித்துப் பாருங்கள். நெத்திலி வலை, சூடை வலை, நண்டு வலை, திருக்கை வலை. வலையின் பெயரிலேயே மீன் இருக்கிறது. எந்த மீனுக்கு எந்த அளவு வலைக்கண், எந்த மாதம், எத்தனை பாகம் ஆழம் என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள் அடக்கம். நண்டு வலையில் ஒரு திருக்கை பட்டால் அது நண்டு இல்லை என்று வலையின் பெயரே சொல்லிவிடும். தனிச்சொல் எதற்கு? தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போகும் மடி, அதாவது பை போன்ற வலை, வந்தபிறகுதான் இந்தச் சொல்லுக்கே தேவை வந்தது. இறாலுக்காக இழுக்கிறார்கள், காரல், சிறு நண்டு, சங்கு, கடல்புல், குஞ்சுமீன் எல்லாம் சேர்ந்து மேலே வருகிறது. ஒரு காலத்தில் இறாலை மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைக் கடலிலேயே கொட்டினார்கள். பிறகு கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் ஆள் கேட்டு வந்தபோது அந்த மிச்சமும் எடைபோட்டு விற்கிற பண்டமாயிற்று. ராமநாதபுரக் கரையில் அதற்குப் பெயர் சங்காயம்.

இந்தச் சங்காயத்தைக் கையேட்டின் ஆங்கில மூலம் பைகேட்ச் என்றே ஓர் இடத்திலும், 'டிராஷ் ஃபிஷ்' (குப்பை மீன்) என்று இன்னோர் இடத்திலும் சொல்கிறது. இரண்டும் ஒன்றில்லை. ஒரே மடியில் இறாலோடு நல்ல கணவாய் வந்தால் அதுவும் குறிவைக்காததுதான். அதைச் சங்காயத்தில் யாராவது சேர்ப்பார்களா? அது நேரே ஏலத்துக்குப் போகும். வீட்டுக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளும் கறிமீன் இன்னொரு கணக்கு. அது பங்கு பிரிக்கும் முன்பே எடுக்கப்படுவது, வலைக்காரரின் உரிமை. சங்காயத்தில் சேரும் குஞ்சும் பொடியும் வேறு. வலையில் பட்டால் விட்டே ஆகவேண்டிய ஆமையும் கடல்குதிரையும் ஆவுளியா என்ற கடல்பசுவும் முற்றிலும் வேறு. இந்த நாலையும் ஆங்கிலம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறது. நாமும் சாக்குக்குச் சாக்கு தைக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

'கழிமீன்' பரிந்துரைத்த ஐயாவுக்கு: சொல் சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கிறது. ஆனால் நெய்தல் நிலத்தில் கழி என்றால் உப்பங்கழி. கழிமுகம் இன்றும் எல்லார் வாயிலும் இருக்கிற சொல். கழிமீன் என்றால் எந்த மீனவரும் கழியில் வாழும் மடவையையும் கெளுத்தியையும்தான் நினைப்பார்.

அரசு அறிக்கைகளில் வரும் 'கழிவு மீன்' எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. கழிவு என்று இன்றைக்குப் பெயர் வைத்தது நாளைக்கும் கழிவாக இருக்கும் என்று யார் சொன்னது? ஏற்றுமதி வரும் முன்பு கணவாயை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. இன்று அதற்கென்றே கடலுக்குப் போகிறார்கள். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. எங்கள் பக்கம் கடல் அட்டை எடுப்பது எத்தனையோ குடும்பங்களுக்குப் பிழைப்பாக இருந்தது. 2001இல் கடல் அட்டையும் கடல்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தன. அதே கடல், அதே வலை, அதே அட்டை; முந்தின நாள் வரை பாடு, மறுநாள் குற்றம். ஓர் உயிர் வேண்டியதா வேண்டாததா என்பதைச் சந்தையும் சட்டமும் மாற்றி மாற்றிச் சொல்லும். கலைச்சொல் அதற்குப் பின்னால் ஓடக்கூடாது. வலையில் என்ன நடந்ததோ அதை மட்டும் சொல்லட்டும்.

கரைவலை இழுத்ததைப் பார்த்தவர்கள் இந்தக் குழுவில் சிலராவது இருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடிக்க, ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாட, மடி மெல்லக் கரைக்கு வரும். இழுப்பின் மூச்சுக்கு ஏற்றபடி பாட்டின் அடி நீளும், குறையும். மடி அவிழ்ந்ததும் சூடையும் காரலும் நண்டும் கலந்துதான் கிடக்கும். இழுத்தவருக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, கை கொடுத்த சிறுவனுக்கு ஒரு கை மீன், கரையில் கூடையோடு நிற்கும் பாட்டிக்கு ஒரு கை. கலந்து வந்ததில் எதையும் 'தவறி வந்தது' என்று தள்ளியதில்லை. என் அம்மா காரலைக் கீறி உப்பிட்டுக் கருவாடாக்கித்தான் எங்களைப் படிக்க வைத்தார். எனக்கு அது கழிவு என்று எழுதக் கை வராது.

இத்தனைக்கும் பிறகு ஒரு பொதுச்சொல் தேவைதான். புள்ளிவிவரப் படிவத்தில் வலைக்குரிய மீனுக்கு ஒரு கட்டம், மற்றதற்கு ஒரு கட்டம் இருக்கிறதே. பாடு என்பதை வைத்துக்கொண்டு தேடினேன். உடன்பாடு என்றால் ஒப்பந்தம். புறப்பாடு என்றால் கிளம்புவது. வேறுபாடு, வழிபாடு இரண்டுக்கும் முன்பே வேலை இருக்கிறது. கடைசியில் நின்றது 'சேர்பாடு'. சேர்ந்து பட்டது சேர்பாடு. நல்லதா கெட்டதா, விலை உண்டா இல்லையா என்று அது எதையும் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.

*

நண்பர்களே,

மறுமொழிகளை எல்லாம் படித்தேன். சிலவற்றுக்கு மட்டும் பதில்.

"பாடு என்றால் துன்பம் என்றல்லவா படிப்பார்கள், படாத பாடு என்கிறோமே" என்று கேட்ட நண்பருக்கு: ஒரே 'படு'விலிருந்து வந்தவைதான் இரண்டும். ஆனால் மீன் என்ற சொல் பக்கத்தில் நிற்கும்போது யாருக்கும் குழப்பம் வந்து நான் கண்டதில்லை. கையேட்டின் தொடக்கத்தில் 'மீன்பாடு' என்று முழுதாக இரண்டு மூன்று முறை எழுதிவிட்டு, பிறகு பாடு என்று சுருக்கலாம்.

இலக்கணம் அறிந்த அம்மா ஒருவர் சொன்னது கூர்மையான தடை. ஈடுபாடு, செயற்பாடு, குறைபாடு என்று 'பாடு' தமிழில் தொழிற்பெயர் விகுதியாகவே பழகிவிட்டது; சேர்பாடு என்றால் 'சேர்தல்' என்றுதான் நகரத்து வாசகர் எடுத்துக்கொள்வார் என்கிறார். உண்மை. சொல்லைத் தனியே காட்டி யாரிடமாவது பொருள் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் என் முன்மொழிவைச் சற்றுத் தளர்த்துகிறேன். ஓடுகிற உரையில் 'சேர்ந்து பட்டவை' என்றே எழுதுகிறேன். அட்டவணைத் தலைப்பிலும் படிவத்திலும் மட்டும் சேர்பாடு. அங்கே 'மொத்தப்பாடு' பக்கத்துக் கட்டத்திலேயே இருப்பதால் பொருள் வழுக்காது.

"மீனவர் சொல்லை வைத்துச் சட்டமும் அறிவியலும் எழுத முடியுமா" என்ற ஐயம் இன்னொருவருக்கு. முடிந்திருக்கிறது, ஐயா. 'பர்ஸ் செய்ன்' என்ற வலைக்கு நாம் யாரும் உட்கார்ந்து சொல் ஆக்கவில்லை. பாட்டியின் சுருக்குப்பையைப் போல அடிவாய் இழுத்துச் சுருங்கும் மடி என்று பார்த்துக் கரையில் சுருக்குமடி என்றார்கள். அதற்குத் தடை வந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2023 ஜனவரியில் 12 கடல்மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. செய்திகளிலும் பெரும்பாலும் சுருக்குமடி என்ற சொல்தான். இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடியும் அப்படியே. ஈழத்து நண்பர்கள் எழுதும் 'இழுவைமடி' நம் 'விசைப்படகை' விடத் துல்லியம் என்பதையும் சொல்லவேண்டும். விசைப்படகு என்பது இயந்திரத்தைச் சொல்கிறது. இழுவைமடி அந்தப் படகு கடலில் செய்யும் வேலையைச் சொல்கிறது. கையேட்டில் மடியைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் இழுவைமடி என்று மாற்றிவிட்டேன்.

உட்பிரிவுகளுக்கு இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன். தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகும் சிறுமீன் கலவைக்குச் சங்காயம். சட்டம் காக்கும் உயிர்களுக்குக் காப்புயிர். 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டம் ஏன் தனியாக வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆமைக்கு மூச்சுவிட மேலே வரவேண்டும். மடிக்குள் நெடுநேரம் மாட்டினால் முடிந்தது. அதனால் 'காப்புயிர்' கட்டத்துக்குப் பக்கத்தில் 'உயிரோடு விட்டது' என்று இன்னொரு சிறு கட்டம் போட்டிருக்கிறேன். மூலத்தில் அது இல்லை. சேர்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். வலையை அறுத்து ஆவுளியாவை வெளியே விட்ட மீனவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அவர்கள் செய்தது படிவத்தில் ஏற ஓர் இடம் வேண்டும்.

கடலிலேயே திருப்பிக் கொட்டுவதற்கு 'கொட்டுமீன்' என்று எழுதிப் பார்த்தேன். கெளுத்தி முள்ளால் கொட்டுமே, அந்த மீன் என்று படிக்க இடமிருக்கிறது. ஆகவே 'கடலில் கொட்டியது' என்றே விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஒற்றைச் சொல்லாகக் குறுக்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் நமக்கு வேண்டாம்.

நேற்று இரவு படிவத்தைத் தொலைபேசியில் அப்பாவுக்கு அனுப்பினேன். தம்பி வாசித்துக் காட்டியிருக்கிறான். சேர்பாடு என்ற இடத்தில் நிறுத்தி, "சேந்து பட்டதுதானே, சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போகச் சொன்னாராம். சங்காயத்தில் ஒரு திருத்தம் சொன்னார்: காரல் பெருவாரியாகப் பட்டால் அதைச் சங்காயத்தில் எழுதாதே, கருவாட்டுக்குத் தனியாக எழுது என்று. எழுதிவிட்டேன்.

இனி எனக்கு இரண்டு விவரம் வேண்டும். சங்காயம் எங்கள் கரைச் சொல். சென்னை, கடலூர், நாகைக் கரைகளில் இதே கலவையை என்ன சொல்கிறார்கள்? அங்கே வேறு சொல் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுகிறேன். அடுத்து, குமரிக்காரர்கள் சொல்லுங்கள்: கறிமீன் என்று எழுதினால் உங்கள் பக்கம் அதைக் கரிமீன் (கேரளத்தில் அந்தப் பெயரில் ஒரு மீன் உண்டு) என்று படித்துவிடுவார்களா? அப்படியென்றால் 'கறிக்கு எடுத்தது' என்று மாற்றிவிடுகிறேன்.