அம்மாவுக்கு கால் வீக்கம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

அம்மாவுக்கு 62 வயசு, ஒரு மாசமா சாயங்காலம் ஆனா ரெண்டு காலும் வீங்கிடுது, கணுக்கால்ல விரலால அமுக்கினா குழி விழுந்து அப்படியே நிக்குது, காலைல எந்திரிச்சா பாதி வடிஞ்சிருக்கு. பிரஷருக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம் ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் இது, அந்த மாத்திரையாலயே நீர் கோர்க்கும்னு மெடிக்கல்ல சொன்னாங்க, ஆனா ஹார்ட், கிட்னி, லிவர் பிரச்சனைன்னாலும் இப்படித்தான் குழி விழுமாம், பயமா இருக்கு. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா ரத்தக்கட்டியா இருக்கலாம், உடனே ஓடணும், அம்மாவுக்கு அது இல்ல, மூச்சு வாங்கலும் இல்ல. மாத்திரைய நாங்களா நிறுத்தல. வியாழக்கிழமை டாக்டர பாக்கறோம், யூரின் புரோட்டீன், கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்), ஆல்புமின் (ரத்தத்துல இருக்கற புரதம்), எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) இதுல எதெல்லாம் கேட்டு எடுக்கணும்? இதே மாத்திரைய மாத்தினதும் வீக்கம் வடிஞ்சவங்க இருந்தா எத்தன நாள் ஆச்சுன்னு சொல்லுங்க ப்ளீஸ்.