புதுப்பிப்பு: டேக்வாண்டோ மாஸ்டர்களின் சான்றிதழ்களைப் பார்த்தாச்சு

மகளை டேக்வாண்டோவில் சேர்க்குமுன் மாஸ்டர்களின் பின்னணியை எப்படிச் சரிபார்ப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி நேரில் போய்ச் சான்றிதழைக் காட்டச் சொன்னேன்.

தலைமை மாஸ்டர் தயங்காமல் எடுத்து வந்தார். நான்காம் டான் (டான் என்பது கறுப்பு பெல்ட்டின் படிநிலை), சியோலில் இருக்கும் டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவான் கொடுத்தது. சான்றிதழில் உள்ள டான் எண்ணைக் குக்கிவானின் இணையதளத்தில் சரிபார்த்தேன், பெயர் வந்தது. முதல் டானிலிருந்து இரண்டாவதுக்கு 1 வருடம், மூன்றாவதுக்கு 2, நான்காவதுக்கு 3 என்று குறைந்தது 6 வருடம் ஆக வேண்டும். அவருடைய தேதிகள் அதற்குப் பொருந்துகின்றன. இன்னொரு வகுப்பில் ‘ஏழாம் டான்’ என்று பேனர் கட்டியிருந்தவரிடம் இருந்ததோ அவரே நடத்தும் சங்கத்தின் சான்றிதழ். பிரிண்டர் இருந்தால் நானும் ஒன்று அடித்துக்கொள்ளலாம்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற பையனைப் பற்றித்தான் யோசனை. அவனிடம் இருப்பது பூம். 15 வயது ஆகாதவர்களுக்கு டானுக்குப் பதிலாகத் தருவது அது. பெல்ட் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. உதை அழகாக இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு அடிபட்டால் என்ன செய்வாய் என்று கேட்டால் மாஸ்டர் முகத்தைப் பார்க்கிறான். சரி, மாஸ்டரே எடுக்கும் மாலை வகுப்பில் சேர்த்துவிட்டேன். முதலுதவிப் பயிற்சி யாருக்கு இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.