மறு: சைட்டோகைனுக்கு ‘அழற்சித் தூதி’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சைட்டோகைன் என்பது உயிரணுக்கள் சுரந்து, உயிரணுக்களின் செயலைத் தூண்டவோ தடுக்கவோ செய்யும் சிறு புரதம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஒருவர் எழுதியது:

> ‘அழற்சித் தூதி’ என்றாலே பொருள் விளங்கிவிடுகிறது. இதையே ஏற்கலாம்.

விளங்குகிறது, ஆனால் தவறாக விளங்குகிறது என்பதே என் கவலை. இந்த மடலாடல் நிணநீர்ப் புற்றை (வெள்ளணுக்களில் தோன்றும் ‘லிம்ஃபோமா’) பற்றித்தான் தொடங்கியது. அங்கேயே சொல்லை உரசிப் பார்ப்போம்.

முதலில் ‘அழற்சி’. பி உயிரணு என்ற வெள்ளணுவில் தோன்றும் ‘பெரிய பி உயிரணு நிணநீர்ப் புற்றின்’ ஒரு வகையில், மைடி88 மரபணு திரிந்துபோய் ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் புற்றணு இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-10 என்ற இரு சைட்டோகைன்களையும் சுரக்கிறது. முன்னது பெரும்பாலும் அழற்சியை மூட்டுவது, பின்னதோ தணிப்பது. தணிப்பதையும் ‘அழற்சித் தூதி’ என்று எழுதினால் மாணவர் என்ன புரிந்துகொள்வார்? ஒரே செயலை வைத்துப் பெயரிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கிலத்திலேயே சான்று உண்டு. 1975இல், எலிகளின் கட்டியை நசியச் செய்ததால் ‘கட்டி நசிவுக் காரணி’ (டிஎன்எஃப்) என்று பெயர் பெற்ற சைட்டோகைன், நாள்பட்ட அழற்சியில் புற்று வளரவும் துணைபோகிறது என்று பின்னால் தெரியவந்தது. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. 1974இல் ‘சைட்டோகைன்’ என்று பெயரிட்ட ஸ்டான்லி கோஹன் அழற்சியை அதில் சேர்க்கவில்லை.

அடுத்து ‘தூதி’. தூது என்பது ஒருவர் இன்னொருவருக்கு விடுவது. மேலே சொன்ன புற்றணுவோ தான் சுரந்ததைத் தானே ஏற்றுப் பிழைத்துக்கொள்கிறது. ஹாட்ஜ்கின் என்ற வகை நிணநீர்ப் புற்றில், பிறர்க்கு விடுவது, தானே ஏற்பது இரண்டும் நடக்கின்றன. அதன் புற்றணுக்களான ரீட்-ஸ்டெர்ன்பெர்க் உயிரணுக்கள் கட்டியில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்கூட இருக்கலாம். மீதியில் பெரும்பகுதி அவை வரவழைத்த வெள்ளணுக்கள். அந்தப் புற்றணுக்கள் இன்டர்லூக்கின்-5 சுரந்து இயோசினோஃபில் என்ற வகை வெள்ளணுக்களைக் கூட்டுகின்றன. இன்டர்லூக்கின்-13 சுரந்து தம்மையே பெருக்கிக்கொள்கின்றன. நோயாளியை வாட்டும் காய்ச்சலுக்கும் இரவு வியர்வைக்கும் எடை இழப்புக்கும் பின்னால் இருப்பவையும் இத்தகைய புரதங்களே.

ஆகவே நான் முன்வைப்பது ‘ஏவற்புரதம்’. ஏவல் தனக்கும் ஆகும், பிறர்க்கும் ஆகும். செய் என்பதும் ஏவல், செய்யாதே என்பதும் ஏவல். தன்னேவல், அண்டையேவல், அழற்சி மூட்டும் ஏவற்புரதம், அழற்சி தணிக்கும் ஏவற்புரதம் என்று கிளைச்சொற்களும் தடையின்றிப் பிறக்கின்றன. ‘ஏவுபுரதம்’ இன்னும் சுருக்கம்தான். ஆனால் ஏவுகணையைப் போல ஏவப்படும் பொருள் என்று படிக்க இடம் தரும்.

‘ஏவல்’ என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வருமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். பள்ளியில் ஏவல் வினைமுற்று படித்த பிள்ளைகளுக்கு அந்த மயக்கம் வராது என்று உறுதியாக நம்புகிறேன்.

உயிரணுக்களைத் தன் பக்கம் ஈர்க்கும் சைட்டோகைன் வகையான கீமோகைனுக்குத்தான் இன்னும் சொல் பிடிபடவில்லை. டி உயிரணுக்கள் என்ற வெள்ளணுக்களை ஹாட்ஜ்கின் கட்டிக்குள் இழுத்துவரும் சிசிஎல்17 அந்த இனம். ‘ஈர்ப்பேவற்புரதம்’ வாயில் நுழையவில்லை. ‘ஈர்ப்புப் புரதம்’ என்றால் ஏவற்புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதே மறைந்துபோகிறது. நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.