ஜேக்கப்ஸ் பக்கம் கைவிட்ட ஃபேக்டரி சைடிங்கில் மறுபடி வேலை: ரயில் வரப்போகிறதா, இரும்பைப் பெயர்க்கப் போகிறார்களா?

கேள்வி: கிடங்குக்காரர்

வணக்கம். டர்பன் ஜேக்கப்ஸில் எங்கள் கிடங்குக்குப் பின்னால், மெயின் லைனிலிருந்து பிரிந்து பக்கத்து ஃபேக்டரிக்குப் போகும் ஒற்றைத் தடம் (சைடிங்) பல வருஷமாகச் சும்மா கிடக்கிறது. இப்போது திடீரென்று புல்லையும் உண்ணிச்செடியையும் வெட்டிவிட்டார்கள். ஸ்லீப்பர் கட்டைகளில் மஞ்சள் பெயின்டில் பெருக்கல் குறி. ஃபேக்டரி வாட்ச்மேனைக் கேட்டால் தெரியாது என்கிறார். எங்கள் லாரி கேட் இந்தத் தடத்தைத் தாண்டித்தான் போகிறது. அந்த இடம் முழுக்கத் தார் போட்டு மூடியிருக்கிறது. ரயில் ஓட்டத்தான் இந்த வேலையா? அப்படியென்றால் எங்கள் பக்கம் என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: இரும்புப்பாதை

பெருக்கல் குறி எல்லாக் கட்டையிலும் இருக்கிறதா, விட்டுவிட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தமாகப் பெயர்ப்பவன் ஒவ்வொரு கட்டையாகக் குறி போட மாட்டான். விட்டுவிட்டு இருந்தால் மாற்ற வேண்டிய கட்டைகளை எண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 700 மி.மீ. இடைவெளி என்றால் 100 மீட்டருக்கு 143 கட்டை. அதில் மூன்றில் ஒன்று போனாலே 48 கட்டை வாங்க வேண்டும்.

அடுத்து, தண்டவாள முனைகளைப் பாருங்கள். கேஸ் வைத்து அறுத்த முனை உருகி, ஓரம் கிழிந்த மாதிரி இருக்கும். அது பழைய இரும்புக் கடைக்குப் போகிற தண்டவாளம். மீட்டருக்கு 48 கிலோ தண்டவாளமாக இருந்தால் 100 மீட்டர் தடத்தில் 9.6 டன் இரும்பு கிடக்கிறது, திருடர்களுக்கும் அதில் கண் உண்டு. திரும்பப் போடுகிறவர்கள் டிஸ்க்கால் நேராக அறுத்து, போல்ட் துளையை டிரில்லில்தான் போடுவார்கள். கேஸில் துளை போட்டால் அங்கிருந்தே விரிசல் கிளம்பும். தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ்பிளேட் போல்ட்டில் எண்ணெய் ஊறியிருந்தாலும் ரயில் வரும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கிடங்குக்காரர்:

போய்ப் பார்த்தேன். குறி விட்டுவிட்டுத்தான் இருக்கிறது, வளைவில் மட்டும் நெருக்கமாக. போல்ட்டெல்லாம் எண்ணெய். மெயின் லைன் பக்கம், தடம் மாற்றும் பாயின்ட் லீவரில் புதுப் பூட்டு.

இரும்புப்பாதை:

அப்படியானால் ரயில்தான், நல்ல செய்தி. வளைவில் சக்கரம் வெளித் தண்டவாளத்தைத் தள்ளும். அங்கே கட்டை உளுத்திருந்தால் 1067 மி.மீ. கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள அகலம்) விரிந்து சக்கரம் உள்ளே விழும். வெறும் தடத்தை அளந்தால் சரியாகத்தான் காட்டும், பாரம் ஏறினால்தான் விரியும். கடல் காற்று அடிக்கிற நம் பக்கத்தில் இன்னொன்று: தண்டவாளத்தைக் கட்டையோடு பிடிக்கும் கோச் ஸ்க்ரூவின் தலை நன்றாக இருக்கும், கழுத்து கட்டைக்குள்ளே அரித்துப் போயிருக்கும். கையால் தூக்கினால் தலை மட்டும் வரும். ஃபேக்டரி ஆட்கள் ஒவ்வொன்றாக ஸ்பேனர் போட்டுப் பார்க்காமல் வேகனை ஏற்றக் கூடாது.

பதில்: சவுத்கோஸ்ட்ரோடு

கேட் விஷயம் பெரிதில்லை. கிரைண்டரால் தண்டவாளத்தின் உள்பக்கத் தாரை வெட்டி எடுத்தால் ஒரு நாள் வேலை.

பதில்: ஷண்டிங்மணி

ஒரு நாள் வேலை இல்லை அண்ணா. சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத் தலைக்குக் கீழே 30 மி.மீ. அளவுக்கு இறங்கும். அதற்கு 65 மி.மீ. அகலமும் 50 மி.மீ.க்குக் குறையாத ஆழமும் உள்ள பள்ளம் வேண்டும். தாரை மட்டும் வெட்டிவிட்டால் லாரி டயர் கல்லையும் மண்ணையும் திரும்ப அதிலேயே தள்ளி இறுக்கிவிடும். விளிம்பு அந்தக் கல்மேல் ஏறினால், நடக்கிற வேகத்திலேயே வேகன் தடம் புரளும், காலி வேகன் இன்னும் சுலபமாக. பள்ளத்தை ஒட்டி உள்பக்கம் செக் ரெயில், அதாவது சக்கரத்துக்கு வழிகாட்டும் கூடுதல் தண்டவாளம், போட வேண்டும். அதைவிட முக்கியம், தாருக்கு அடியில் ஈரம் நின்று தண்டவாளத்தின் அடித்தட்டு மெலிந்திருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. முழுக்கத் தோண்டி, கட்டை மாற்றி, புது ஜல்லி போட்டு, தண்ணீர் வெளியேற வழி வைத்துத்தான் மூட வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகும் வடிகாலைப் பற்றி யோசிக்காமல் கிராசிங் போட்டால் வீண் செலவு.

கிடங்கில் செய்ய வேண்டியது: வேகன் ஏறக்குறைய 3 மீட்டர் அகலம். அதாவது தண்டவாளத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் 1 மீட்டர் நீட்டிக்கொண்டு வரும், வளைவில் இன்னும் கூடும். பக்கத்தில் ஷண்டிங் ஆள் (வேகனை நகர்த்தி விடுபவர்) நடக்கவும் இடம் வேண்டும். தண்டவாளத்திலிருந்து 2.5 மீட்டரில் மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் பேலட், டிரெய்லர் எதுவும் நிற்காமல் பாருங்கள்.

பதில்: மெரிபேங்க்வாசி

அனுமதி பக்கத்தையும் கேளுங்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையத்தின் பெர்மிட் இல்லாமல் சைடிங்கில் ரயில் ஓட்டக் கூடாது. எல்லைப் பலகை வரை பராமரிப்பு அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் பொறுப்பு, அதற்கு உள்ளே சைடிங் ஒப்பந்தம் வைத்திருப்பவர் பொறுப்பு. ஆகவே உங்கள் கேட் கிராசிங்கை யார் செலவில் தோண்டுவது, யார் சுத்தம் செய்வது என்று ஃபேக்டரி நிர்வாகத்திடம் இப்போதே எழுத்தில் வாங்குங்கள். டிரான்ஸ்நெட் தடத்தில் ரயில் ஓட்ட 2025 ஆகஸ்டில் 11 தனியார் நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் இல்லையா, வருகிற இன்ஜின் டிரான்ஸ்நெட்டுடையதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. யாருடைய இன்ஜின் என்றும் கேளுங்கள்.

சவுத்கோஸ்ட்ரோடு:

மணி சொன்னது சரி, அடித்தட்டை நான் யோசிக்கவில்லை. வந்தால் நல்லதுதான். 80 டன் வேகனில் சரக்கு 60 டன் போகும். பத்து வேகன் வந்தால் பதினேழு லாரியாவது துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் ரோட்டில் குறையும்.

கிடங்குக்காரர்:

எங்கள் கேட்டிலிருந்து மெயின் லைன் பக்கம் லேசான இறக்கம். நிறுத்தி வைத்த வேகன் உருளுமா?

ஷண்டிங்மணி:

உருளும். 200க்கு 1 சரிவில் 80 டன் வேகனைக் கீழே இழுக்கிற விசை 400 கிலோ. ரோலர் பேரிங் சக்கரத்தை அசைக்க அதில் பாதி போதும். இன்ஜினைக் கழற்றிப் போனபின் ஏர் பிரேக்கில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பிடி விட்டுவிடும். ஹேண்ட் பிரேக்கை முழுக்கச் சுற்றி, சக்கரத்துக்கு இறக்கத்துப் பக்கம் ஆப்பு வைக்க வேண்டும். மெயின் லைனுக்கு முன்னால் டீ-ரெயிலர், அதாவது ஓடிவரும் வேகனை வேண்டுமென்றே தடம் புரட்டும் இரும்புக் கட்டை, பூட்டோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைத்தான் ஃபேக்டரியிடம் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்று. வேகனை ஃபேக்டரிக்குள் விடும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும், டிரைவருக்கு உங்கள் கேட் தெரியாது. கொடி பிடித்து முன்னால் நடப்பவர்தான் அவருக்குக் கண். அவர் உங்கள் வாட்ச்மேனிடம் சொல்லி, லாரிகளை இரண்டு பக்கமும் நிறுத்தி, அதன் பிறகுதான் ரேடியோவில் வரச்சொல்ல வேண்டும். அந்த ரேடியோ சேனலையும் வேகன் விடும் நேரத்தையும் கேட்டு வாங்கி, கேட் அறையில் எழுதி ஒட்டுங்கள்.