பனிமூட்டத்துல ஹெலிகாப்டரை பக்கவாட்டுல ஓட்டினாராமே, அது எப்படி?

சும்மா_கேட்டேன்:
வியட்நாம் போர் பத்தி படிச்சிட்டிருந்தேன். பேட்ரிக் பிரேடின்னு ஒரு அமெரிக்க பைலட், 1968 ஜனவரி 6, ஒரே நாள்ல மூணு ஹெலிகாப்டர் மாத்தி 51 காயம்பட்டவங்களைத் தூக்கிட்டு வந்திருக்கார். அதுல பனி மூடின பள்ளத்தாக்குல வண்டியை பக்கவாட்டுல திருப்பி ஓட்டினார்னு போட்டிருக்கு, அதுதான் மண்டைல ஏறல. நேரா பார்த்தாலே தெரியாததுக்கு பக்கவாட்டுல போனா தெரியுமா? இல்ல பதக்கத்துக்காக ஏத்தி எழுதினதா?

ரோட்டர்_பைத்தியம்:
ஏத்தி எழுதல ப்ரோ. ரோட்டர், அதாவது மேல சுத்தற இறக்கை, கீழ தள்ற காத்து பக்கத்துல இருக்கற பனியைக் கொஞ்சம் கலைக்கும். முன்கண்ணாடில வெள்ளையா சுவர் மாதிரிதான் தெரியும், அதனால மனுஷன் வண்டியைத் திருப்பிட்டு பக்க ஜன்னல் வழியா தலையை நீட்டிப் பார்த்தார். ரோட்டர் முனை, கீழ மர உச்சி, இது ரெண்டும் கண்ல பட்டா வண்டி சாயுதா நேரா இருக்கான்னு பிடிபட்டுடும். பனிக்குள்ள மேல எது கீழ எதுன்னு குழம்பித்தானே விழறாங்க. ஒரே சிக்கல், இப்படி ஊர்ந்து போகும்போது கீழ இருக்கறவன் சத்தத்தை வச்சே சுடலாம், சுட்டாங்க.

மலைக்காத்து:
பனியைவிட எனக்குப் பெருசா தெரியறது அன்னிக்கு அவர் போன ரெண்டாவது இடம். ஏற்கனவே ரெண்டு ஹெலிகாப்டரை அங்க சுட்டு வீழ்த்தியாச்சு, காயம்பட்டவங்க எதிரிகிட்டேர்ந்து வெறும் 50 மீட்டர்ல கிடக்கறாங்க, இவர் நாலு தடவை போயிட்டு வந்தார். முதல் தடவை ஒரு வேகத்துல போயிடலாம், என்ன இருக்குன்னு பார்த்துட்டு வந்து மறுபடி கிளம்பறதுதான் எனக்கெல்லாம் நினைச்சே பார்க்க முடியல. அப்புறம் இன்னொரு இடத்துல ஹெலிகாப்டர் கன்ட்ரோல்ல ஒரு பகுதி அடிவாங்கியும் திரும்பிப் போனார். கடைசில கண்ணிவெடி வயல்ல இறங்கி பக்கத்துல ஒண்ணு வெடிச்சு, கூட இருந்த ரெண்டு பேருக்கு அடி, அப்பவும் ஆறு பேரை ஏத்திட்டுதான் கிளம்பினார். கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சர் இழுத்த அந்த க்ரூவைப் பத்தி எவனும் எழுத மாட்டான், அதுதான் கடுப்பு.

கடுப்பன்:
அடுத்தவன் நாட்டுல போய் சண்டை போட்டதுல என்ன வீரம்?

மலைக்காத்து:
போர் நியாயமான்னு தனி திரி போடுங்க சார், நானும் வந்து உங்க பக்கமே பேசறேன். இவர் அன்னிக்கு முதல்ல தூக்கினதே ரெண்டு தென் வியட்நாம் சிப்பாய்ங்களைத்தான்.

சும்மா_கேட்டேன்:
பதில்களுக்கு நன்றி. இவங்க ஹெலிகாப்டர்ல துப்பாக்கி இருந்துச்சா?

ரோட்டர்_பைத்தியம்:
இல்ல, செஞ்சிலுவை போட்ட ஹ்யூயி ரக ஹெலிகாப்டர், மெஷின் கன் எதுவும் பொருத்தல. ரேடியோல இவங்க பேரு டஸ்ட்ஆஃப். பிரேடிக்கு முன்னாடி சார்லஸ் கெல்லின்னு ஒரு மேஜர், பிரேடியே அவர்கிட்ட வேலை பார்த்தவர்தான். 1964 ஜூலை 1, கீழேர்ந்து ரேடியோல கிளம்பு கிளம்புன்னு கத்தறாங்க, காயம்பட்டவங்க ஏறட்டும் அப்புறம் கிளம்பறேன்னார், அங்கயே குண்டு பட்டு செத்தார். அந்தப் பதிலைத்தான் டஸ்ட்ஆஃப்காரங்க இன்னைக்கும் சொல்லிக்கறாங்க. பிரேடிக்கு 1969 அக்டோபர்ல அதிபர் நிக்சன் கையால அமெரிக்காவோட உச்ச ராணுவ வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் கிடைச்சுது, பின்னாடி மேஜர் ஜெனரலா ரிடையர் ஆனார்.