கேம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். அக்காவின் மகனுக்குப் பதினைந்து வயது, அன்சார்ட்டட் என்ற சாகச வீடியோ கேம் என்றால் உயிர். அதை இலவசமாகத் தேடப் போய், அதே கதாபாத்திரங்களை வைத்துச் செய்த 'பகடி' கேம் ஒன்றை இறக்கியிருக்கிறான். பகடி என்பது பெயருக்குத்தான், உள்ளே முழுக்க வயது வந்தோருக்கான சமாச்சாரம்.

நான் பார்த்த வரையில் அது ரென்பை என்ற, கதை கேம்கள் செய்யும் மென்பொருளில் செய்தது. ஸிப்பைப் பிரித்தால் கேம், லிப், ரென்பை என்று மூன்று ஃபோல்டர், பக்கத்தில் ஒரு எக்ஸ்இ (கிளிக் செய்தால் ஓடும் ஃபைல்). அவ்வளவுதான். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, அதனால் அட்மின் பாஸ்வேர்ட் போட்டும் பிரயோசனமில்லை. கேம் வாங்கும் ஸ்டீம் தளத்தில் பெற்றோர் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், ஆனால் இது அந்த வழியாக வரவேயில்லையே.

ரௌட்டரில் டிஎன்எஸ்ஸை (தளப் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை) 1.1.1.3 என்று மாற்றிவிட்டேன். கிளவுட்ஃப்ளேரின் அந்த முகவரி ஆபாசத் தளங்களைத் தடுக்கும். சரி, போன் டேட்டாவில் ஹொட்ஸ்பொட் போட்டால்? பென் டிரைவில் நண்பன் கொடுத்தால்?

விண்டோஸ் 11 ஹோமில், நாங்கள் அனுமதித்த புரோகிராம் மட்டும் ஓடும்படி செய்ய முடியுமா? மைக்ரோசொஃப்டின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான ஃபேமிலி சேஃப்டி பாவிப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். அதன் இணைய வடிகட்டி எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்கிறது.

இன்னொன்று. அத்தான் லப்டொப்பையே பூட்டி வைக்கச் சொல்கிறார், எனக்கு அதில் உடன்பாடில்லை. கதை கேட்கும் ஆசைதான் அவனுக்கு. இந்த வயதுக்கு ஏற்ற, நல்ல கதையுள்ள கேம்கள் இருந்தால் பெயரைப் போடுங்கள். பழைய லப்டொப், கிராஃபிக்ஸ் கார்ட் கிடையாது.

'எங்கள் காலத்தில்' என்று தொடங்கும் அறிவுரைகள் வேண்டாம், அது வீட்டிலேயே போதுமானளவு கிடைக்கிறது.