எக்சிமா உள்ள குழந்தைக்கு ஒவ்வாமைச் சோதனை: மதுரைப் பக்கம் மருத்துவர் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மேலூரில் வசிக்கிறோம். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே எக்சிமாவால் (அரிப்புடன் கூடிய தோல் அழற்சி) அவதிப்படும் என் மூன்று வயது மகளுக்கு எடுத்த ஐஜிஈ (ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனையில் பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை ஆகிய நான்கும் பாசிட்டிவ் என்று வந்ததால், எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பால், முட்டை, கோதுமை மூன்றையும் அவள் வழக்கமாகச் சாப்பிடுகிறாள். உடனடித் தடிப்போ வாந்தியோ மூச்சுத்திணறலோ ஒருநாளும் வந்ததில்லை. கடலை மட்டும் இதுவரை கொடுத்ததில்லை.

எக்சிமா உள்ளவர்களில் பலருக்கு ஐஜிஈ அளவு உயர்ந்தே இருக்கும் என்பதும், ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருப்பது மட்டுமே ஒவ்வாமையை உறுதிசெய்யாது என்பதும், மருத்துவர் கண்காணிப்பில் உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை என்பதும் நான் அறிந்தவை. ஒத்துக்கொள்ளும் உணவை நெடுநாள் விலக்கிவிட்டு மீண்டும் கொடுக்கும்போது கடுமையான எதிர்வினை வரக்கூடும் என்பதே என் பெரிய கவலை. வளரும் பிள்ளைக்குச் சத்துக் குறைவும் ஏற்படும். ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளுக்கான பரிசோதனையை யாரும் பரிந்துரைக்க வேண்டாம், அது ஒவ்வாமையைக் கண்டறிய உதவாது.

கடலையைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனையை அவசர சிகிச்சை வசதியோடு செய்யும் குழந்தைகள் ஒவ்வாமை மருத்துவர் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். இதே நிலையைக் கடந்த பெற்றோர், மருத்துவர் எந்த உணவுகளைத் தொடரச் சொன்னார் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.